தூண்டில் மீன் வீட்டுக்கு உதவுமா, வெறும் பொழுதுபோக்கா?

வாசகர் கேள்வி, ஜனவரி 8

என் மைத்துனர் ஞாயிறு விடிந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவார். பொழுதுபோக்கு என்று சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை, சிலர் சீட்டாடுகிறார்கள், சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள். ஆனால் "வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறேன்" என்று பெருமை பேசுகிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கம்பு, ரீல், இரை, போகவர ஆகும் செலவு, பாதி நாள் என்று எல்லாவற்றையும் கூட்டினால் அவர் கொண்டுவரும் இரண்டு கெண்டைக்குப் பதிலாக ஒரு கூடை மீன் வாங்கியிருக்கலாம். ஏரி, குளத்தில் தூண்டில் போடுவது உணவுக்கு உதவுகிறது என்று யாராவது கணக்கோடு நிரூபிக்க முடியுமா? முடியாது என்பது என் கட்சி.

ஜனவரி 9

முடியும். நான் நிரூபிக்கிறேன்.

உங்கள் மைத்துனர் வாங்கிக் குவித்திருப்பதை வைத்துத் தூண்டிலை எடை போடாதீர்கள். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஆள் உயரத்தைவிடச் சற்று நீளமாக ஒரு மூங்கில் கழி, கழி நீளத்துக்கே நரம்பு, ஒரு தக்கை, துளி எடை, ஒரு முள், ஈரமண்ணைக் கிளறினால் வரும் மண்புழு. அவ்வளவுதான். இதே சாமான்களோடுதான் எட்டு வயதில் தாத்தா என்னைக் கரையில் உட்காரவைத்தார். இன்றைக்கு என்னிடம் ரீல் மாட்டிய கம்பு மூன்று இருக்கிறது, ஆனாலும் வீட்டுக்கு வரும் மீனில் பாதி அந்தக் கழியில் வருவதுதான்.

கடலைப் போல மீனைத் தேடித் தூரம் போக வேண்டியதும் இல்லை. நன்னீர் மீன் கரைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பாசிக்கு ஓரமாக, சாய்ந்த மரத்தின் நிழலில், மதகுக்குப் பக்கத்தில். உலகத்தில் இருக்கும் மீன் இனங்களில் ஏறக்குறைய பாதி நன்னீரில் வாழ்பவை என்பதே பலருக்குத் தெரியாது. விடிவதற்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். இருட்டோடு போனால் ஏழு மணிக்குள் ஒரு குடும்பத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும். நான் காசு கொடுத்து மீன் வாங்கி மாதக்கணக்காகிறது.

ஜனவரி 9, இரவு

மேலே எழுதியதை வீட்டில் படித்துவிட்டுச் சிரித்தார்கள். "மாதக்கணக்காகிறது" என்ற இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். போன வாரம் வாங்கிய மீனை யார் சாப்பிட்டது என்று மகள் கேட்டாள். சரி, நோட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஜனவரி 14

எனக்கு ஒரு நோட்டு உண்டு. போன நாள், நேரம், தண்ணீர் எப்படி இருந்தது, என்ன இரை, என்ன கிடைத்தது எல்லாம் எழுதிவைப்பேன். எழுதுவதோடு சரி, கூட்டிப் பார்த்ததில்லை. இந்த முறை உங்களுக்காக உட்கார்ந்து கூட்டினேன்.

போன ஆண்டு 38 தடவை போயிருக்கிறேன். தடவைக்குச் சராசரியாக நாலரை மணி நேரம், ஆக 171 மணி நேரம். வீட்டுக்குக் கொண்டுவந்தது 29 கிலோ. 15 தடவை வெறுங்கை. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 170 கிராம் மீன். செதில், தலை, குடல், துடுப்பு எல்லாம் போனால் தின்னக் கிடைப்பது பாதிதான், ஒரு கைப்பிடி. இதில் ரீல், நரம்பு, பாசியில் சிக்கிக் காணாமல் போன முட்கள், தண்ணீரில் விழுந்த ஒரு கைபேசி எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கவும் போவதில்லை.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். போய் மைத்துனரிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்த 171 மணி நேரத்தைச் செலவுப் பக்கம் எழுதியது யார்? நான்தான். ஏன் எழுதினேன்? அந்த நேரத்தை யாராவது விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேனே. சினிமாவுக்குப் போனவன் படம் ஓடிய இரண்டரை மணி நேரத்தை நஷ்டக் கணக்கில் எழுதுவானா?

அப்புறம் உடனே எதிர்க்கேள்வியும் வருகிறது. நேரம்தான் லாபம் என்றால், வெறுங்கையோடு திரும்பிய அந்த 15 நாளும் வீட்டில் ஏன் சிடுசிடுவென்று இருந்தேன்? இதற்குப் பதில் இப்போது என்னிடம் இல்லை.

ஜனவரி 20

"கரையில் சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். சும்மா உட்கார்ந்தால் ஒன்றும் இல்லைதான். தூண்டிற்காரனுக்கு மிதப்பிலே கண் என்பார்கள். எனக்கு முதல் இருபது ஆண்டு மிதப்பில் மட்டுமே கண் இருந்தது, அதுதான் தப்பு. பார்க்க வேண்டியது தக்கையைச் சுற்றி இருப்பதை.

முதலில் மீன் நம்மை எப்படிப் பார்க்கிறது என்பது. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னலுக்குள் சுருங்கித் தெரியும். ஒளி விலகுவதால் வருவது இது, அந்தக் கூம்பின் கோணம் சுமார் 97 பாகை. கரையோரம் தாழ்வாக இருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிப் போகும். நின்றால் மீனுக்கு ஒரு பூதம் தெரியும், குந்தினால் ஒரு கோடு. தாத்தா "உட்காருடா, உட்காருடா" என்று சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு இதுதான் காரணம், அவருக்கு 97 பாகை தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது காற்று. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். உறையும் நிலையில் இருக்கும் தண்ணீர் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் வைத்துக்கொள்ளும், 30 பாகைச் சூட்டில் ஏழரைதான் தாங்கும். அதனால்தான் வெயில் காலத்தில் ஊற்று ஓரத்திலும், தண்ணீர் விழுந்து நுரைக்கும் இடத்திலும் மீன் கூடி நிற்கிறது.

இங்கேதான் ஜனவரி 9இல் நான் அடித்துச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாசி மண்டிய, ஓட்டமில்லாத குளத்தில் செடிகள் இரவு முழுவதும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வெயில் வந்தால்தான் திருப்பிக் கொடுக்கும். ஆகவே அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடிவதற்குச் சற்று முன்னால். நான் இருட்டில் போய்க் கொசுக்கடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்த நேரம் அது! நோட்டைப் புரட்டினேன். அந்தக் குளத்தில் கோடையில் கிடைத்த மீன் எல்லாம் சூரியன் வந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வந்தவை. இத்தனை ஆண்டும் என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது. ஆறு, பெரிய ஏரிக்கு இது பொருந்தாது, அங்கே விடியல் நல்ல நேரம்தான்.

விரால் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அது மேலே வந்து நேராகக் காற்றை வாங்கும். "க்ளக்" என்று ஒரு சத்தம், ஒரு குமிழி. அந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பேசினால் மீன் ஓடிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை, காற்றில் எழும் சத்தம் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும்.

ஜனவரி 21

கடைசி வரியைத் திருத்த வேண்டும். பேச்சு அவ்வளவாக உள்ளே போகாது என்பது சரி. ஆனால் படித்தவர்கள் கரையில் தொம்தொம் என்று நடக்கக் கிளம்பிவிடக் கூடாது. காலடி அதிர்வு மண் வழியாக நேரே தண்ணீருக்குப் போய்விடும், மீனின் பக்கவாட்டுக் கோடு அதை வாங்கிக்கொள்ளும். கெண்டை, கெளுத்தி வகைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. காற்றுப்பையிலிருந்து உட்காதுக்கு வரிசையாகச் சின்ன எலும்புகள், அதிர்வு அந்தப் பையில் பட்டுக் காதுக்கு வந்து சேரும். மற்ற பல மீன்களைவிட இவற்றுக்குக் காது கூர்மை. கதை பேசலாம். டப்பாவைக் கீழே போடக் கூடாது.

பிப்ரவரி 2

"நன்னீர் மீன் மண் வாசனை அடிக்கும், அதை எப்படித் தின்கிறீர்கள்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேட்பது நியாயம். இதில் நானும் அவமானப்பட்டிருக்கிறேன்.

ஒரு கோடை முடிவில் இரண்டு கிலோவுக்கு மேல் ஒரு கெண்டை கிடைத்தது. வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்த நாள். மீனைத் தூக்கிக்காட்டி ஊர்வலம் விடாத குறை. சமைத்து வைத்ததும் முதல் வாய் எடுத்த சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்தார். இரண்டாவது வாய் எடுத்த சித்தி, "மழை பெய்த மாதிரி இருக்கு" என்றார். அதற்கு மேல் நாகரிகமாக யாராலும் சொல்ல முடியாது.

சித்தி சொன்னது விஞ்ஞானப்படியும் சரி. புது மழையில் மண்ணிலிருந்து எழும் வாசனைக்கும் அந்த மீனுக்கும் பொருள் ஒன்றுதான், ஜியோஸ்மின். மண்ணிலும் நீரிலும் வாழும் சிலவகை நுண்ணுயிர்களும் நீலப்பச்சைப் பாசியும் உண்டாக்குவது. மீன் அதைச் செவுள் வழியாக உள்ளே வாங்கிக் கொழுப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மனித மூக்கு அதை லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். மீனுக்கு இதனால் கெடுதல் இல்லை, தின்பவருக்கும் இல்லை, மானம்தான் போகும்.

செய்ய வேண்டியது: தண்ணீர் பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடக்கும் நாளில் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பது. அதே ஏரியில் புதுவெள்ளம் வந்து போனபின் பிடித்துப் பாருங்கள், வேறு மீன் போல இருக்கும். உயிரோடு கொண்டுவந்து சில நாள் இரை போடாமல் சுத்தமான ஓடும் நீரில் விட்டுவைத்தாலும் வாசனை மெல்ல இறங்கும், ஆனால் வீட்டுத் தொட்டியில் தண்ணீரை மாற்றி மாற்றி இடுப்பு ஒடிந்துவிடும். நான் ஒருமுறை செய்தேன், மகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள், அதோடு கதை முடிந்தது. சுலபமான வழி தோலையும் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்புச் சதையையும் கழித்துவிட்டு, புளிப்பான எதிலாவது ஊறவைப்பது. புளிப்பு ஜியோஸ்மினை உடைக்கும். எலுமிச்சையோ வினிகரோ எது இருந்தாலும் சரி. அந்தப் பச்சைக் குளத்து மீனுக்கு மட்டும் எதுவும் உதவாது.

பிப்ரவரி 3

பெயர் என்ன என்று கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். இன்னும் குளத்தில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 11

முள். தமிழில் தூண்டிலில் இருப்பதற்கும் அதே பெயர், மீனுக்குள் இருப்பதற்கும் அதே பெயர். ஒன்று மீனின் தொண்டைக்கு, மற்றது நம் தொண்டைக்கு.

கெண்டை வகையில் முதுகெலும்பை ஒட்டிய முள்ளைத் தவிர, சதைக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்த மெல்லிய முட்கள் தனியாக மிதந்துகொண்டிருக்கும். எவ்வளவு கவனமாக அறுத்தாலும் வராது. அதனால் அவற்றை எடுக்க முயலக் கூடாது, நறுக்கிவிட வேண்டும். மீனின் பக்கவாட்டில் தோலிலிருந்து முதுகெலும்பு வரை, நெல்மணி அகலத்துக்கு ஒரு வெட்டு என்று நெருக்கமாகக் கீறிக்கொண்டே போய், நல்ல சூடான எண்ணெயில் போட்டால் அந்தத் துண்டு முட்கள் மொறுமொறுவென்று ஆகிவிடும். கத்தி முள்ளில் படும்போது "கிறுக் கிறுக்" என்று கேட்கும், கேட்காவிட்டால் ஆழம் போதவில்லை. இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் விரால், கெளுத்தி, ஜிலேபிக் கெண்டை பக்கம் போங்கள். ஜிலேபி பெயரளவில்தான் கெண்டை, அதற்கு இந்தத் தொல்லை கிடையாது.

வழவழப்பு இருக்கும்போது கீறாதீர்கள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பது பழமொழி மட்டும் அல்ல. கல் உப்பைத் தேய்த்து வழவழப்பை எடுத்துவிட்டுக் கத்தியைத் தொடுங்கள். என் இடது கட்டைவிரலில் இருக்கும் தழும்பு இதைச் சொல்லும்.

ஒருநாள் பெரிய கெண்டையின் தலையை உடைத்தபோது செவுளுக்குப் பின்னால், தொண்டைக்குள், பல் வரிசை கிடைத்தது. வாயில் ஒரு பல்லும் இல்லை, தொண்டையில் கடைவாய்ப் பல் மாதிரி! கெண்டை இனம் முழுவதும் அப்படித்தான், நத்தையையும் விதையையும் அங்கே வைத்துத்தான் அரைக்கிறது. அந்தப் பற்களைக் கழுவி ஒரு டப்பாவில் போட்டுவைத்தேன், வீட்டில் முகம் சுளித்தார்கள். அப்புறம் 2022இல் ஒரு செய்தி வந்தது. இஸ்ரேலில் கெஷர் பெனோட் யாகோவ் என்ற இடத்தில், ஒரு பழங்கால ஏரிக்கரையில், கெண்டை இன மீன்களின் தொண்டைப் பற்கள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றின் படிக அமைப்பைச் சோதித்துப் பார்த்தால், எரிந்து கருகும் அளவுக்கு அல்ல, பக்குவமாகச் சமைக்கும் அளவுக்குச் சூடு பட்டிருக்கிறது. வயது 7,80,000 ஆண்டு. நம்முடைய இனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே யாரோ ஏரி மீனைப் பிடித்து நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தின்றிருக்கிறார்கள். அவர்கள் எத்தனை மணி நேரம் காத்திருந்தார்கள், கிலோவுக்கு எவ்வளவு ஆயிற்று என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

டப்பாவை இப்போது யாரும் தூக்கிப்போடச் சொல்வதில்லை.

பிப்ரவரி 24

ஜனவரி 14இல் ஒரு கேள்வியை அப்படியே விட்டிருந்தேன். வெறுங்கை நாட்களில் எதற்காகச் சிடுசிடுத்தேன்?

இதைச் சோதித்துப் பார்த்தவன் நான், அப்போது சோதனை என்று தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதம் முழுக்கப் பிடித்ததையெல்லாம் திருப்பி விட்டுக்கொண்டிருந்தேன். மீன் மேல் இரக்கம், நான் நல்லவன் என்ற நினைப்பு. முதல் வாரம் நன்றாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரே காலையில் பதினெட்டு ஜிலேபி பிடித்தேன், பதினெட்டையும் விட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் மனசு சரியில்லை. பதினெட்டு உயிரின் வாயைக் குத்திக் கிழித்திருக்கிறேன், எதற்காக? எண்ணிக்கைக்காக. சமைப்பதற்கென்று போயிருந்தால் நாலோடு எழுந்திருப்பேன், ஏனென்றால் ஐந்தாவதைக் கழுவ வேண்டியதும் நான்தானே.

மீனுக்கு வலி உண்டா என்று சண்டை நடந்துகொண்டே இருக்கிறது. 2003இல் லின் ஸ்னெடன் குழுவினர் ட்ரௌட் மீனின் முகத்தில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உணர்வது வேறு, நாம் படுகிற மாதிரி வேதனைப்படுவது வேறு என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். நான் மீனாகப் பிறக்காததால் வலி உண்டு என்றே வைத்துக்கொண்டு நடக்கிறேன். சுவிட்சர்லாந்தில் திருப்பி விடுவதற்காகவே மீன் பிடிப்பது 2009 முதல் சட்டப்படி கூடாது. முதலில் கேட்டபோது விசித்திரமாகத்தான் இருந்தது, விட்டுவிடுவது நல்லதுதானே என்று. அந்தப் பதினெட்டு ஜிலேபிக்குப் பிறகு புரிந்தது. தின்பதற்குப் பிடிக்கிறவனுக்கு வயிறு ஒரு எல்லை போடுகிறது, விளையாட்டுக்குப் பிடிக்கிறவனுக்கு அந்த எல்லை இல்லை.

ஆகவே உங்கள் கேள்வியில் இருந்த இரண்டு பெட்டிகளையும் நான் ஏற்கவில்லை. சாப்பாட்டை எடுத்துவிட்டால் எனக்கு இந்தப் பொழுதுபோக்கு பிடிக்கவில்லை. பொழுதுபோக்கை எடுத்துவிட்டால் மணிக்கு ஒரு கைப்பிடி சாப்பாட்டுக்கு எவன் போவான்?

கொல்வதைப் பற்றி. முன்பெல்லாம் செவுளில் கயிற்றைக் கோத்துத் தண்ணீரிலேயே கட்டிப்போட்டுவிடுவேன், கிளம்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று. அது கொடுமை, சமையலுக்கும் கேடு. துள்ளித் துள்ளித் தீர்ந்துபோன மீனின் தசையில் அமிலம் சேர்ந்து சதை தளர்ந்துவிடும். இப்போது பிடித்த கையோடு கண்ணுக்குப் பின்னால், தலை உச்சியில், கட்டையால் ஒரே அடி. உடனே செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட்டுப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பெட்டியில் போட்டுவிடுவேன். வெறும் பனிக்கட்டியைவிடத் தண்ணீர் கலந்தது எல்லாப் பக்கமும் தொட்டுச் சீக்கிரம் குளிரவைக்கும். ஜப்பானியர் மூளையில் ஊசி குத்தி இதை ஒரு கலையாகவே செய்கிறார்கள், இகேஜிமே என்று பெயர். எனக்குக் கட்டை போதும்.

மார்ச் 1

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு "அப்போ எதையுமே விடக் கூடாதா" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டேனோ? திரும்பப் படித்தால் அப்படித்தான் இருக்கிறது.

விட வேண்டியவை உண்டு. சின்னது, அது எல்லோருக்கும் தெரியும். பெரியதையும் விட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு பெரிய பெண் மீன் இடும் முட்டை அதன் எடைக்கேற்ற அளவுக்கு மட்டும் கூடுவதில்லை, பல இனங்களில் அதைவிட வேகமாகக் கூடும். நடுத்தர மீன்தான் சட்டிக்கு. ருசியும் அதில்தான்.

அப்புறம் குஞ்சோடு இருக்கும் விரால். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. விரால் ஜோடி தன் குஞ்சுக்கூட்டத்துக்குக் கீழேயே நின்று காவல் காக்கும், மேலே சிவப்பாக ஒரு பந்து நகர்ந்துகொண்டே போகும். அந்தப் பந்தின் மேல் பொய்யிரையைப் போட்டால் பசிக்காக அல்ல, துரத்துவதற்காகவே வந்து கவ்வும். ரொம்பச் சுலபம். பத்தொன்பது வயதில் அப்படி ஒன்றைப் பிடித்துக் கரையில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பந்து கலைந்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர் கொப்பளித்தது, மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்கிற கொப்பளிப்பு. அஞ்சு நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அந்த விராலைச் சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள்.

விடுகிற மீனைக் காய்ந்த கையால் தொட வேண்டாம், மேலிருக்கும் வழவழப்பு உரிந்துவிட்டால் நோய் பிடிக்கும். கையை நனைத்துக்கொள்ளுங்கள். முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை அறுத்துவிடுங்கள். வட்டமாக உள்ளே வளைந்த முள்ளைப் போட்டால் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும், ஆனால் அதற்குச் சட்டென்று வெட்டி இழுக்கும் பழக்கத்தை விட வேண்டும், மெல்லச் சுற்றினாலே போதும். எனக்கு இந்தப் பழக்கம் போக ஒரு வருஷம் ஆயிற்று, அதற்குள் நிறைய மீன்கள் பிழைத்தன.

மார்ச் 8

பச்சையாகச் சாப்பிடலாமா? கூடாது. ஒரு வரியில் முடித்திருப்பேன், ஆனால் "புதுசாகப் பிடித்ததுதானே, எலுமிச்சை பிழிந்தால் போதாதா" என்று ஒருவர் மறுபடி கேட்டிருக்கிறார். போதாது. நன்னீர் மீனில், முக்கியமாகக் கெண்டை இனத்தில், கல்லீரல் தட்டைப்புழுவின் இளம்பருவம் சதைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, எலுமிச்சைக்குச் சாகாது. அந்தப் புழுக்களில் இரண்டு வகைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது, பித்தநாளத்தில் வரும். இது போக நாடாப்புழு வேறு. நடுச்சதை வரை வேகவேண்டும், அல்லது கழித்தல் 20 பாகையில் ஏழு நாள் உறைய வேண்டும், வீட்டு உறைபெட்டியில் அந்தக் குளிர் நிலையாக நிற்கும் என்று நம்ப முடியாது. நான் வேகவைக்கிறேன்.

இன்னொன்று பாதரசம். அடிச்சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடலில் தங்கும் வடிவத்துக்கு மாற்ற, சின்னதைத் தின்னும் நடுத்தரம், நடுத்தரத்தைத் தின்னும் பெரியது என்று ஏறிக்கொண்டே போகும். சதையிலேயே பிணைந்திருப்பதால் வேகவைத்தாலும் போகாது, கொழுப்பை அரிந்தாலும் போகாது. ஆலைக் கழிவில் வரும் வேறு சில ரசாயனங்கள் கொழுப்பில் தங்குபவை, தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் எடுத்தால் அவை குறையும். ஆக, வயதான பெரிய வேட்டை மீனை விடுவதற்கு இது இரண்டாவது காரணம். ஆலைக்குக் கீழே ஓடும் தண்ணீரில் என்ன கிடைத்தாலும் வேண்டாம். ஏரிக்கு மேல் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருநாள் நடந்துபோய்ப் பாருங்கள். நான் போனேன், அதோடு ஒரு ஏரியை விட்டேன்.

மார்ச் 19

கரையில் ஒரு நீர்க்காகம், காலில் யாரோ அறுத்துப்போட்ட நரம்பு, இறுகி வீங்கிப் போயிருந்தது. துண்டைப் போட்டு மூடிப் பிடித்து அறுத்துவிட்டேன், நன்றிக்கு என் மணிக்கட்டைக் கொத்தியது. நைலான் நரம்பு தானாக மக்கிப்போகும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அறுந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள்.

ஜனவரியில் "துளி எடை" என்றுதான் எழுதினேன், அது ஈயமாக இருக்க வேண்டியதில்லை. பறவைகள் கூழாங்கல் என்று நினைத்து ஈயக் குண்டை விழுங்கிச் சாகின்றன. அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் பிரிட்டனில் 1987இல் பெரும்பாலான ஈய எடைகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். இரும்பு நட்டு ஒன்றைக் கட்டினாலே வேலை நடக்கும்.

ஏப்ரல் 2

நேற்று மகளும் வந்தாள். கழியை அவளிடம் கொடுத்துவிட்டு ரீலோடு நான் தள்ளி உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒன்று, உள்ளங்கை நீளம். தக்கை இரண்டு முறை தலையாட்டிவிட்டுச் சாய்ந்து ஓடியபோது அவள் எழுந்து நின்று கத்திவிட்டாள், 97 பாகையாவது ஒன்றாவது. விடச் சொன்னேன், சின்னது என்று. "நாலு போதும்னு சொன்னீங்க, நான் ஒண்ணுதான் பிடிச்சேன்" என்றாள். இதையெல்லாம் படிக்கிறாள் போலிருக்கிறது.

அந்த ஏரியில் குட்டை இனம் ஒன்று உண்டு, அது அந்த அளவிலேயே முட்டையிடும், வளர்ந்த மீன்தான். அதனால் கொண்டுவந்தோம். நிறுத்துப் பார்த்தாள், 42 கிராம். அவளே கழுவினாள். பொரித்து மூன்றாகப் பிய்த்தோம், எனக்கு வால் பக்கம் வந்தது. நோட்டில் அவள் கையெழுத்தில் ஏறியிருக்கிறது: ஐந்து மணி நேரம், 42 கிராம். என் சராசரியைக் கெடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி. மைத்துனருக்குத் தெரியாமல் மூன்று முறை தனியாகப் போயிருக்கிறாராம். இரண்டு முறை வெறுங்கை. மூன்றாம் முறை கனமாக ஒன்று மாட்டி, கரைக்கு ஐந்தடி தூரத்தில் நரம்பு அறுந்துவிட்டதாம். "தரமில்லாத நரம்பு" என்று எழுதியிருக்கிறார்.

நரம்பைத் திட்டுவதற்கு முன் அறுந்த நுனியைப் பாருங்கள். சுருள் சுருளாகப் பன்றிவால் போல இருந்தால் நரம்பு அறுபடவில்லை, உங்கள் முடிச்சு நழுவியிருக்கிறது. முள்ளின் காதில் கோத்து, தன்மேலேயே ஐந்தாறு முறுக்கு கொடுத்து, காதை ஒட்டிய சின்ன வளையத்தில் நுனியை விட்டு, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை விட்டு எடுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும், காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசுகிற சூட்டிலேயே பலம் குறைந்துவிடும். மெதுவாக இழுங்கள். நுனியை ஒட்ட வெட்டாமல் எள்ளளவு விடுங்கள்.

ஐந்து கிலோ இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டால் வகுத்துக்கொண்டேன். மைத்துனரிடம் சொல்லும்போது அவர் மூன்றால் வகுப்பார், தயாராக இருங்கள்.